கேட்வேயைப் பார்த்த பிறகு மாட்யூல் வாங்குங்கள்

கம்பியில்லாச் சென்சார்களை வயலிலோ தோப்பிலோ தொழிற்கூடத்திலோ நிறுவுகிறவர்கள், நோடு (சென்சாரும் ரேடியோவும் சேர்ந்த சிறு பெட்டி) அனுப்பும் தகவல் கேட்வேக்கு (நோடுகளின் செய்தியைக் கேட்டுச் சர்வருக்கு அனுப்பும் கருவி) வந்து சேரவில்லை என்றதும் முதலில் தூரத்தைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஆன்டெனாவை இன்னும் பத்தடி உயர்த்திக் கட்டுகிறார்கள், திறனைக் கூட்டிப் பார்க்கிறார்கள், இடையில் நிற்கும் மரங்களைக் குறை சொல்கிறார்கள். மேசை மீது அருகருகே வைத்தாலே ஒன்றையொன்று கேட்காத இரண்டு ரேடியோக்களைத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் கொண்டுபோய் வைத்தாலும் கேட்காது. என்னிடம் வரும் இத்தகைய புகார்களில் பெரும்பாலானவை தூரத்தால் வந்தவை அல்ல. நோடில் இருக்கும் ரேடியோ மாட்யூலும் கேட்வேக்குள் இருக்கும் ரேடியோவும் தொடக்கத்திலிருந்தே பொருந்தாததால் வந்தவை. நோடுகளை முதலில் வாங்கிவிட்டு அவற்றுக்கேற்ற கேட்வேயைத் தேடுவது தலைகீழான வழி என்பது என் உறுதியான கருத்து. விலை அதிகமான, மாற்றக் கடினமான, எல்லா நோடுகளும் சார்ந்திருக்கும் கருவி கேட்வேதான் என்பதால், அதனுள் என்ன இருக்கிறது என்பதைப் படித்த பிறகே நோடுக்கான மாட்யூலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் மண்ணின் ஈரத்தை அளக்கும் சென்சார்களைப் பதித்திருந்த ஒரு தம்பி அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். "இங்க அனுப்பியாச்சுன்னு வருதுங்ணா, கேட்வேல ஒரு வரிகூட வர மாட்டேங்குது" என்றார். அவரிடம் இருந்த கேட்வே, செம்டெக் நிறுவனத்தின் எஸ்எக்ஸ்1302 சிப் பொருத்திய எட்டுச் சேனல் லோராவான் கேட்வே (லோரா என்பது குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் பேசும் ரேடியோ முறை, லோராவான் அதன் மேல் அமைந்த வலை நெறிமுறை); மோட்டார் அறையில் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தது. நோடில் இருந்த மாட்யூலின் புகைப்படத்தை அனுப்பச் சொன்னேன். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய பச்சைப் பலகை, அதன் மேல் உலோக மூடி, மூடியின் மீது ரா-02 என்ற பெயர், அதன் கீழே பொடி எழுத்தில் 410–525 மெகாஹெர்ட்ஸ் என்ற வரி. பதில் அந்த வரியிலேயே இருந்தது.

ரா-02 மாட்யூலுக்குள் இருப்பது எஸ்எக்ஸ்1278. அதன் அச்சு அசலான சகோதரச் சிப் எஸ்எக்ஸ்1276. இரண்டுக்கும் ஒரே கால் அமைப்பு, ஒரே ரெஜிஸ்டர் (சிப்புக்குள் அமைப்பு எண்களை எழுதி வைக்கும் இடம்) வரைபடம், ஒரே நிரல். வேறுபாடு அலைவரிசையில் இருக்கிறது: 1276 சிப் 137 முதல் 1020 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும், 1278 சிப் 525 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். இந்தியாவில் லோராவான் இயங்குவதோ 865 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். ஆக அந்தத் தம்பியின் நோடு எந்தக் காலத்திலும் அந்தக் கேட்வேயுடன் பேசியிருக்க முடியாது.

அப்படியானால் நோடின் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் "அனுப்பியாச்சு" என்று ஏன் வந்தது என்ற கேள்வி எழும். அர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் பரவலாகப் பயன்படும் லோரா லைப்ரரி, தொடங்கும்போது சிப்பின் பதிப்பு எண்ணை மட்டும் படித்துப் பார்க்கிறது. எஸ்எக்ஸ்1276, 1277, 1278 ஆகிய அனைத்தும் அந்த ரெஜிஸ்டரில் ஒரே எண்ணைத்தான் திருப்பித் தருகின்றன. அதன் பிறகு 865 மெகாஹெர்ட்ஸுக்கான எண்ணை அலைவரிசை ரெஜிஸ்டரில் எழுதினால் சிப் அதை ஏற்றுக்கொள்ளும்; எழுதிய எண்ணைத் திரும்பப் படித்தாலும் அதே எண் வரும். அனுப்பும் நேரம் முடிந்ததும் முடிந்ததற்கான கொடியையும் உயர்த்தும். நிரலின் கண்ணுக்கு எல்லாம் சுகம். காற்றில் மட்டும் எதுவும் இல்லை. நிரலின் சொல்லை ரேடியோவின் சொல்லாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

433 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல்கள் நம் ஊர் இணையக் கடைகளில் மலிவாகக் குவிந்து கிடப்பதற்குக் காரணம் உண்டு. அந்த அலைவரிசை ஐரோப்பாவில் உரிமமின்றிப் பயன்படுத்தக் கூடியது. அதை ஒட்டிய 470 மெகாஹெர்ட்ஸ் பகுதி சீனாவின் லோராவான் களம். அந்தச் சந்தைகளுக்காகத் தயாரானவையே இங்கும் வந்து சேர்கின்றன. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் விதிகள் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கின. அனுப்பியின் திறன் 1 வாட்டுக்குள்ளும், ஆன்டெனாவையும் சேர்த்துக் கணக்கிடும் கதிர்வீச்சுத் திறன் 4 வாட்டுக்குள்ளும், அலையின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2021ஆம் ஆண்டில் இந்த எல்லை 868 மெகாஹெர்ட்ஸ் வரை நீட்டிக்கப்பட்டது. 433 மெகாஹெர்ட்ஸிலும் விலக்கு உண்டு என்றாலும், அது கட்டடத்துக்குள் மிகக் குறைந்த திறனில், மிகக் குறுகிய அலையகலத்தில் இயங்கும் கருவிகளுக்கானது. 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் பரவும் லோராவைத் தோப்பில் ஓட்டுவதற்கு அது இடம் தராது. ஆகவே தென்னந்தோப்புக்கு 865 மெகாஹெர்ட்ஸ் என்பது கேட்வேயின் விருப்பம் மட்டும் அல்ல, சட்டத்தின் விருப்பமும்கூட.

எஸ்எக்ஸ்1276 என்று சிப்பின் பெயர் சரியாக இருந்தால் போதுமா என்றால், போதாது. சிப்புக்கும் ஆன்டெனாவுக்கும் இடையில் மாட்யூலைத் தயாரித்தவர் பொருத்தியிருக்கும் சுருள்களும் மின்தேக்கிகளும் ஒரு குறிப்பிட்ட அலைவரிசைக்காகக் கணக்கிடப்பட்டவை. அதே 1276 சிப்பை வைத்து 433க்கும் மாட்யூல் செய்கிறார்கள், 868க்கும் செய்கிறார்கள். ஹோப்பார்எஃப் நிறுவனத்தின் ஆர்எஃப்எம்95 மாட்யூல் 868, 915 மெகாஹெர்ட்ஸுக்கானது. ஆர்எஃப்எம்96, 98 இரண்டும் 433, 470 பக்கம். வாங்கும்போது சிப்பின் பெயரோடு மாட்யூலின் அலைவரிசையையும் பார்க்க வேண்டும். 868 என்று குறிக்கப்பட்டது நம் 865க்குத் தாராளமாகப் பொருந்தும். 915 என்று குறிக்கப்பட்டது ஓரளவு வேலை செய்யலாம், ஆனால் தெரிந்தே அதை வாங்குவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

ஆன்டெனாவுக்கும் இதே கதைதான். 865 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 34.7 செ.மீ.; அதன் கால் பங்கான 8.7 செ.மீ. நீளக் கம்பி எளிய ஆன்டெனாவாகும். 433க்கு அது 17.3 செ.மீ. கருப்பு ரப்பர் உறைக்குள் இருப்பது எத்தனை சென்டிமீட்டர் கம்பி என்பது வெளியிலிருந்து தெரியாது. உறையின் நீளத்தை வைத்து முடிவு செய்யவும் முடியாது, ஏனெனில் உள்ளே சுருளாகவும் இருக்கலாம். இணைப்பியில் இன்னொரு வம்பு உண்டு. லோரா கேட்வேகள் பலவற்றில் எஸ்எம்ஏ இணைப்பியும், வைஃபை ரவுட்டர்களில் அதே மரையுள்ள ஆர்பி-எஸ்எம்ஏ இணைப்பியும் வருகின்றன. இரண்டும் ஒன்றோடொன்று இறுக்கமாகத் திருகிக்கொள்ளும். ஆனால் ஒருபுறம் எஸ்எம்ஏ, மறுபுறம் ஆர்பி-எஸ்எம்ஏ என்று கலந்துவிட்டால், நடுவில் ஊசியே இல்லாமல் இரண்டு பக்கமும் துளையாகவே இருந்து எதுவும் எதையும் தொடாமல் போகும். அல்லது இரண்டு ஊசிகள் முட்டிக்கொள்ளும். திருகி முடித்த பிறகு பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. கழற்றிய நிலையில் நடுப்பகுதியை வெளிச்சத்தில் பார்த்து, ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் துளை என்று உறுதி செய்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. பழைய வைஃபை ரவுட்டரின் ஆன்டெனாவைக் கழற்றி லோரா கேட்வேயில் மாட்டும் வழக்கம் உள்ளவர்கள் இதை மனத்தில் வைக்கவும், அது 2.4 கிகாஹெர்ட்ஸுக்கானது என்பது தனிக் குறை.

அலைவரிசை ஒத்துப்போன பிறகு பண்பேற்றம், அதாவது தகவலை அலையில் ஏற்றும் முறை, ஒத்துப்போக வேண்டும். ஆர்எஃப்எம்69 என்று ஒரு மாட்யூல் உண்டு; அளவிலும் கால் அமைப்பிலும் ஆர்எஃப்எம்95க்கு ஒன்றுவிட்ட தம்பி போலவே இருக்கும். அது எஃப்எஸ்கே (இரண்டு அலைவரிசைகளுக்கு இடையே தாவித் தகவலை அனுப்பும் முறை) போன்ற எளிய பண்பேற்றங்களைத்தான் பேசும், லோரா பேசாது. பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து இருப்பதாலும் விலை சற்றுக் குறைவு என்பதாலும் பலர் 69ஐ எடுத்துவிடுகிறார்கள். எஃப்எஸ்கே மோசமானது என்று நான் சொல்லவில்லை. ஒரே கட்டடத்துக்குள் அது போதுமானது. ஆனால் எதிர்முனையில் லோரா கேட்வே இருந்தால் அந்த மாட்யூலால் பயன் இல்லை.

இந்தக் குழப்பம் லோராவுக்கு முன்பே இருந்தது. டிஜி நிறுவனத்தின் எக்ஸ்பீ மாட்யூல்களில் முதல் வரிசையும் இரண்டாம் வரிசையும் ஒரே 20 கால்கள், ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ், ஒரே நீல நிறம். ஆனால் முதல் வரிசை 802.15.4 நெறிமுறையையும் இரண்டாம் வரிசை ஜிக்பீயையும் பேசியதால் இரண்டும் ஒன்றையொன்று அறியா. அந்நிறுவனத்தின் கனெக்ட்போர்ட் எக்ஸ் கேட்வேகளே உள்ளே எந்த ரேடியோ இருக்கிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு மாடல்களாக விற்கப்பட்டன. நோடு வாங்கும் முன் கேட்வேயின் மாடல் எண்ணைப் படிக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த எஸ்2சி, எக்ஸ்பீ 3 போன்றவற்றில் ஃபெர்ம்வேரை (மாட்யூலுக்குள் பதிந்திருக்கும் நிரலை) மாற்றி இரண்டு நெறிமுறைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்று ஆனதால் அந்தத் தலைவலி பாதி தீர்ந்தது. மீதிப் பாதி, எந்த ஃபெர்ம்வேர் உள்ளே இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது என்பதாக மாறிப்போனது.

லோராவுக்கு வருவோம். இங்கே அதிகமாகக் கையைக் கடிப்பது ஒற்றைச் சேனல் கேட்வே. இஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் ஒரு எஸ்எக்ஸ்1276 மாட்யூலை இணைத்து, அதை லோராவான் கேட்வே என்று அழைப்பது சில ஆண்டுகளாக இருந்துவரும் வழக்கம். கற்றுக்கொள்வதற்கு அது நல்ல பொம்மை. ஆனால் நோடில் இருக்கும் அதே வகைச் சிப்பே கேட்வேயிலும் இருப்பதால் பொருத்தம் கச்சிதம் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. எஸ்எக்ஸ்1276 ஒரு நேரத்தில் ஒரே அலைவரிசையில், ஒரே ஸ்பிரெடிங் ஃபேக்டரில் (செய்தியை எவ்வளவு நீட்டிப் பேசுவது என்பதற்கான எண்; கூடினால் தூரமும் நேரமும் கூடும்) மட்டுமே கேட்கும். லோராவான் நோடோ இந்தியாவுக்கான திட்டத்தின்படி 865.0625, 865.4025, 865.985 மெகாஹெர்ட்ஸ் என்ற மூன்று சேனல்களில் ஏதேனும் ஒன்றைத் தன் விருப்பப்படி மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளும். கேட்வே முதல் சேனலில் மட்டும் காத்திருந்தால் மூன்றில் இரண்டு செய்தி காற்றோடு போகும். மீதியும், நோடின் ஸ்பிரெடிங் ஃபேக்டர் கேட்வே காத்திருக்கும் எண்ணோடு ஒத்திருந்தால் மட்டுமே கிடைக்கும். சர்வர் நல்ல எண்ணத்தோடு அந்த எண்ணை மாற்றச் சொல்லி நோடுக்குக் கட்டளை அனுப்பிவிட்டால், அதுவரை வந்துகொண்டிருந்த நோடும் மறுநாள் காணாமல் போகும்.

எஸ்எக்ஸ்1301, 1302 போன்ற கேட்வேச் சிப்கள் வேறு வகை. அவை எட்டுச் சேனல்களில் ஒரே நேரத்தில், ஒவ்வொன்றிலும் ஸ்பிரெடிங் ஃபேக்டர் 7 முதல் 12 வரை எது வந்தாலும் பிரித்தெடுக்கும். பத்து பைட் தகவலை அனுப்ப ஸ்பிரெடிங் ஃபேக்டர் 7இல் சுமார் 62 மில்லிநொடி ஆகிறது; 12இல் ஏறத்தாழ 1.5 நொடி ஆகிறது. தூரத்து நோடு அந்த ஒன்றரை நொடி பேசிக்கொண்டிருக்கும்போதே அருகில் உள்ள நோடுகள் குறுக்கே வந்து பேசிவிட்டுப் போகும். இரண்டையும் கேட்கத் தெரிந்த கேட்வேயும், கேட்கத் தெரியாத கேட்வேயும் பெயரில் மட்டுமே ஒன்று. விலை வித்தியாசம் கணிசம் என்பது உண்மை. ஆனாலும் நான்கைந்து நோடுகளுக்கு மேல் வைப்பவர் ஒற்றைச் சேனலில் காலம் தள்ள முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படியே வைத்துக்கொள்வதானால் லோராவான் என்ற பெயரை விட்டுவிட்டு, எல்லா நோடுகளையும் ஒரே அலைவரிசை, ஒரே ஸ்பிரெடிங் ஃபேக்டரில் நிறுத்தி, சாதாரண லோராவாகப் பேச வைப்பது நேர்மையான ஏற்பாடு.

அந்தச் சாதாரண லோராவுக்கும் லோராவானுக்கும் இடையே மாட்யூலைப் பார்த்தால் தெரியாத இரண்டு வேலிகள் உண்டு. ஒன்று சிங்க் வேர்டு, அதாவது செய்தியின் தொடக்கத்தில் வரும் வலையின் அடையாள எண்: தனி வலைகளுக்குப் பதினாறடிமான எண் 12, லோராவான் வலைகளுக்கு 34 என்பது வழக்கம். இது ஒத்துப்போகாவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் எதிர்முனை செய்தியைத் தொடக்கத்திலேயே தள்ளிவிடும். எஸ்எக்ஸ்1262 போன்ற புதிய சிப்களில் இதே எண்கள் 1424, 3444 என்று நான்கு இலக்கங்களில் எழுதப்படுகின்றன. பழைய நிரலிலிருந்து அப்படியே பெயர்த்து எழுதுகிறவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். மற்றொன்று, கேட்வேயிலிருந்து நோடுக்குப் போகும் செய்தியில் அலையின் ஐக்யூ (அலையை ஆக்கும் இரு கூறுகள்) தலைகீழாக்கப்படுவது. நோடுகள் ஒன்றையொன்று கேட்டு விழித்துக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நோடும் நோடும் பேசுவதை வைத்துக் கேட்வேயோடு பொருத்தம் இருக்கிறது என்று முடிவு கட்டுவதும், பேசாததை வைத்து மாட்யூல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதும் இதனால் தவறாகப் போகின்றன.

நிரலின் பிராந்திய அமைப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அர்டுயினோவுக்கான எல்எம்ஐசி லைப்ரரியை நிறுவியதும் அதன் அமைப்புக் கோப்பில் அமெரிக்காவின் 915 திட்டம் தேர்வாகியிருக்கும். இந்தியாவுக்கு ஐஎன்866 என்ற வரியை இயக்க வேண்டும். லோராவான் ஆவணங்கள் அதே திட்டத்தை ஐஎன்865 என்று அழைப்பதால், இரண்டும் வேறுபட்டவை என்று தயங்குகிறவர்களும் உண்டு, இரண்டும் ஒன்றே. ஐரோப்பாவின் 868 திட்டத்தில் விட்டுவிட்டாலோ நோடு 868.1 மெகாஹெர்ட்ஸிலிருந்து அனுப்பத் தொடங்கும். அது நம் கேட்வேயின் சேனல்களுக்கும் வெளியே, நீட்டிக்கப்பட்ட உரிம விலக்கு எல்லைக்கும் வெளியே.

இன்னொரு பொருந்தாமை, அரைகுறையாக வேலை செய்வதால் கண்டுபிடிக்கக் கடினமானது. எஸ்எக்ஸ்1276 சிப்பில் திறன் வெளியேற ஒன்றுக்கு மேற்பட்ட கால்கள் உண்டு: 20 டிபிஎம் (ரேடியோத் திறனின் அலகு) வரை தரும் பிஏ-பூஸ்ட் கால், 14 டிபிஎம் வரை தரும் ஆர்எஃப்ஓ கால்கள். பெரும்பாலான மாட்யூல்களில் ஆன்டெனாவுக்குப் போவது பிஏ-பூஸ்ட் கால் மட்டுமே. நிரல் ஆர்எஃப்ஓவைத் தேர்ந்தெடுத்திருந்தால் திறன் எங்கும் இணைக்கப்படாத காலை நோக்கிப் போகும்; பலகையில் கசியும் சிறு துளி மட்டும் காற்றுக்கு வரும். கேட்வேக்குப் பக்கத்தில் வைத்தால் எல்லாம் சரியாக இயங்கும். முப்பது அடி நகர்த்தினால் பேச்சு மூச்சிருக்காது. மேசையில் நன்றாக இருந்து தோட்டத்தில் தோற்கும் நோடு என்று யாராவது சொன்னால், நான் ஆன்டெனா இணைப்பிக்கு அடுத்தபடியாகக் கேட்பது இந்தக் காலைத்தான். எஸ்எக்ஸ்1262 மாட்யூல்களில் இதற்கு இணையான தொல்லை, வெப்பத்தால் மாறாத டிசிஎக்ஸ்ஓ படிகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் டிஐஓ3 காலும் ஆன்டெனா ஸ்விட்சை இயக்கும் டிஐஓ2 காலும். மாட்யூலில் இருக்கும் அமைப்பும் நிரலில் இருக்கும் அமைப்பும் ஒத்துப்போகாவிட்டால் சிப் விழிக்கவே விழிக்காது, அல்லது விழித்தும் செவிடாக இருக்கும்.

இவற்றில் எது நடக்கிறது என்று கண்டறிய விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற கைக்கடக்கமான யுஎஸ்பி ரிசீவரைக் கணினியில் செருகி, 865 மெகாஹெர்ட்ஸ் பகுதியைத் திரையில் ஓடவிட்டு, நோடை அனுப்பச் சொல்லிப் பார்க்கலாம். பொள்ளாச்சித் தம்பியின் ரா-02 நோடை அப்படி வைத்தபோது திரை நீலமாகவே ஓடியது. அதே நிரலோடு, அதே கம்பிகளில், 868க்கான 1276 மாட்யூலை மாற்றிச் செருகியபோது, ஒன்றன் பின் ஒன்றாகச் சாய்ந்த மஞ்சள் கோடுகள் 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் ஏணிப்படி போல எழுந்து மறைந்தன. லோராவின் கையெழுத்து அது. கோடுகள் சாய்ந்திருக்காமல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே தாவினால் எஃப்எஸ்கே. கோடே இல்லை என்றால் அலைவரிசையோ திறனோ வெளியேறும் காலோ தவறு.

மறுமுனையில் கேட்வேயும் தன் பங்குக்குச் சாட்சி சொல்லும். செம்டெக்கின் பேக்கெட் ஃபார்வர்டர் நிரல் இடைவெளி விட்டு ஒரு கணக்கை வெளியிடுகிறது: எத்தனை செய்தி வந்தது, அதில் எத்தனை பிழையில்லாமல் வந்தது, எத்தனை சர்வருக்கு அனுப்பப்பட்டது. வந்தது என்ற எண்ணே பூஜ்யமாக இருந்தால் அலைவரிசை, பண்பேற்றம், சிங்க் வேர்டு ஆகிய மூன்றில் ஒன்று பொருந்தவில்லை, அல்லது நோடின் திறன் காற்றுக்கே வரவில்லை. வந்தது கூடி, பிழையில்லாதது கூடவில்லை என்றால் சிக்னல் மெலிதாக இருக்கிறது. மூன்று எண்ணும் கூடிக்கொண்டே போய்ச் சர்வரில் மட்டும் தகவல் தெரியவில்லை என்றால் ரேடியோவை விட்டுவிட்டு நோடின் அடையாள எண்ணையும் சாவிகளையும் பார்க்க வேண்டும். அந்த நிலையில் ஆன்டெனாவைத் தொடுகிறவர் வீண் வேலை செய்கிறார்.

கேட்வேயை இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஐரோப்பாவுக்கான 868 வகைக் கேட்வேயின் வன்பொருள் பொதுவாக 863 முதல் 870 வரை கேட்கும். அமைப்புக் கோப்பில் இந்தியச் சேனல்களை எழுதினால் நமக்குப் போதும். அமெரிக்காவுக்கான 915 வகையில் பெரும்பாலும் 902 முதல் 928 வரை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி இருக்கும். கோப்பில் எதை எழுதினாலும் 865இல் அது அரைச் செவிடுதான். வெளிநாட்டிலிருந்து உறவினர் கையில் கொடுத்தனுப்பும் கேட்வேகளில் இது அடிக்கடி நேர்கிறது. விற்பனைக்கு வைப்பதானால் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் இடிஏ (கருவி வகை ஒப்புதல்) சான்றும் வேண்டும். சொந்தத் தோப்புக்கு ஒன்று வாங்குகிறவரும் சான்றுள்ள மாடலைக் கேட்டு வாங்குவது நல்லது, ஏனெனில் அந்தச் சான்றில் அலைவரிசை தெளிவாக எழுதப்பட்டிருக்கும்.

பொள்ளாச்சியில் மாட்யூல்களை மாற்றியாயிற்று. ஈரச் சென்சாரையும் பேட்டரியையும் பெட்டியையும் அப்படியே வைத்துக்கொண்டு, மாட்யூலையும் ஆன்டெனாவையும் மட்டும் மாற்றினால் போதுமானதாக இருந்தது. கழற்றிய ரா-02 மாட்யூல்களைத் தூக்கிப் போட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லி, சிப்களை இணைக்கும் எஸ்பிஐ முறையைப் பழகுகிற மாணவர்களுக்குக் கொடுக்கச் சொன்னேன். புதிய பெட்டிகளின் உட்புறம் சிப், மாட்யூலின் அலைவரிசை, பிராந்தியத் திட்டம், சிங்க் வேர்டு, திறன் வெளியேறும் கால் ஆகியவற்றை மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறார்; கேட்வேயின் மூடிக்குள்ளும் அதே வரிகள் இருக்கின்றன.